நோவாவுக்கு ஸ்ட்ரோக் ஏத்தலாமா?

குழு: பீளமேடு வீட்டுச் சொந்தங்கள்

ஞாயிறு

கார்த்தி (ஹூஸ்டன்), காலை 7:42
பெரியப்பா முழிச்சுட்டீங்களா? என்ற 72 மாடல் செவர்லே நோவா கார் காலைல ஸ்டார்ட் பண்ணா நீலப் புகை விடுதுங்க. எஞ்சினை இறக்கிடலாம்னு இருக்கேன். இறக்கறதுதான் இறக்கறோம், 350-ஐ 383 ஆக்கிடலாமான்னு ஒரு யோசனை.

சுமதி அத்தை, 7:44
அந்தப் புகை வண்டிலயா கண்ணு குழந்தையக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறே?

மகி, 7:45
ணா 383-ஆ!! கண்ண மூடிட்டுப் போடுங்க 🔥🔥

பெரியப்பா, 7:51
அதென்றா 350, 383?

கார்த்தி, 7:55
கன அங்குலமுங்க. 350ன்னா 5.7 லிட்டர். செவர்லேக்காரன் இந்த ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினை 1955ல 265ஆ கொண்டு வந்தான். அப்பறம் 283, 327, 350, 400ன்னு வெளி உருவம் மாறாம உள்ள பெருசாக்கிட்டே போனான். 350க்கு போர், அதாவது சிலிண்டர் அகலம், 4 அங்குலம். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேல கீழ போற தூரம், 3.48. 400க்கு ஸ்ட்ரோக் 3.75. அந்த 400 கிராங்கை (பிஸ்டனுங்க சுத்தற தண்டை) 350 பிளாக்ல போட்டு, 30 ஓவர்சைஸ், அதாவது அங்குலத்துல ஆயிரத்துல 30 பங்கு பெருசா, போர் பண்ணா 383.

பெரியப்பா, 8:02
அப்ப புல்லட் கதை வேற. 350க்கும் பழைய 500க்கும் ஸ்ட்ரோக் ஒண்ணுதான், 90 மி.மீ. போர்தான் 70, 84. நீ சொல்றது கிராங்கையே மாத்தற வேலை. அப்படியே உக்காந்துக்குமா?

கார்த்தி, 8:06
உக்காராதுங்க. 400 கிராங்க்ல மெயின் ஜர்னல், பேரிங்ல உக்கார்ற எடம், 2.65 அங்குலம், நம்முளுது 2.45. முன்னெல்லாம் கடைஞ்சு குறைப்பாங்க, இப்ப அளவாவே கிட்டு வருது. ஆனாலும் பிளாக்குக்கு அடில ராடு (பிஸ்டனையும் கிராங்கையும் சேக்கறது) போல்ட் இடிக்கற எடத்தை கிரைண்டர்ல தேய்க்கோணும். வால்வைத் தெறக்கற கேம்ல ராடு உரசுதான்னு கையால சுத்திப் பாக்கோணும். நெறையக் கிராங்குக்கு பேலன்ஸ் வெளிய இருக்கும், அதனால கிராங்குக்கு முன்னாடி இருக்கற டேம்பர் சக்கரம், பின்னாடி இருக்கற ஃபிளெக்ஸ்பிளேட் தட்டு ரெண்டையும் அதுக்குத் தக்கன மாத்தோணும்.

மகி, 8:08
6000 ஆர்பிஎம்ல பிஸ்டன் வேகம் நிமிஷத்துக்கு 3480 அடில இருந்து 3750 ஆகும். அவ்ளோதான் வித்தியாசம். ஆனா கம்மி ஆர்பிஎம்லயே டார்க் (இழுவை) அள்ளும்ணா!

பெரியப்பா, 8:10
6000 வெச்சு அவன் என்ன பண்ணப் போறான்? நீ எங்கடா ஓட்டறே கார்த்தி?

கார்த்தி, 8:12
வாரம் ஒருக்கா பியர்லாண்ட் மீனாட்சி கோயில். சனிக்கிழமை காபி. ஹைவேல 65 மைல்ல போனா 2600 சுத்துது.

பெரியப்பா, 8:20
மகி சொல்றதுல ஒண்ணு சரி. தெருவுல ஓட்டறவனுக்குத்தான் ஸ்ட்ரோக் சாதகம், சிக்னல்ல இருந்தே இழுக்கும். ஆனா எதுக்கு இறக்கறே? புகை எப்ப வருது? ஸ்டார்ட் பண்ணதும் குப்புன்னு வந்து நின்னு போகுதா, ஓட்டறப்பவும் வருதா?

கார்த்தி, 8:22
ஒரு நிமிஷந்தானுங்க. அப்பறம் இல்ல. இங்க கடைக்காரர் புகைன்னு சொன்னதுமே, பானட்டைக்கூடத் தூக்கிப் பாக்காம, முழுசாக் கட்டோணும்னுட்டார்.

பெரியப்பா, 8:23
கம்ப்ரஷன் பாத்தியா?

கார்த்தி, 8:24
நேத்துப் பாத்தேன். எட்டு சிலிண்டரும் 145ல இருந்து 155 பிஎஸ்ஐக்குள்ள. சூட்டுல ஐடில்ல கூட ஆயில் பிரஷர் எறங்கல.

பெரியப்பா, 8:41
டைப் பண்ண நேரமாச்சு. கேளு சாமி.
ரிங்கு போயிருந்தா ஓட்டறப்பவும் புகையும், கம்ப்ரஷனும் ஒண்ணு மேல ஒண்ணு கீழ நிக்கும். உன்றது வால்வு சீல், வால்வு வழியா ஆயில் எறங்காமத் தடுக்கறது. ரப்பர் காஞ்சு கல்லாயிருக்கும், ராத்திரியெல்லாம் ஆயில் கைடு வழியா எறங்கும், காலைல எரியும்.
கிராங்க்ல கோடு விழுந்து, போர் தேஞ்சு இருந்தா நானே 383 போடச் சொல்லுவேன். எப்படியும் போர், பிஸ்டன், கிராங்க் செலவு ஆகும், அதோட கொஞ்சம் சேத்தாப் போதும். அப்பப் போயி 350ஆவே கட்டறவன் பைத்தியக்காரன்.
நல்ல எஞ்சினை எதுக்குப் பிரிக்கறே? பழைய சிலிண்டர் ஹெட்டை வெச்சு 383 கட்டினா அதிக ஆர்பிஎம்ல மூச்சு முட்டும். ஹெட் மாத்துவே. அப்பறம் கார்புரேட்டர், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில். கம்பெனி செட்டிங்லயே விடு.

மகி, 8:43
😭😭

கார்த்தி, 8:44
சீல் மாத்த ஹெட்டைக் கழட்டோணுமுங்களே?

பெரியப்பா, 8:52
வேண்டாம். பிளக்கைக் கழட்டு. பிஸ்டன் கம்ப்ரஷன்ல மேல வர்றதுக்குக் கொஞ்சம் முன்ன நிறுத்து. பிளக் ஓட்டை வழியா நைலான் கயிறை உள்ள விடு, ஒரு முனை வெளிய இருக்கோணும். அப்பறம் கிராங்கைக் கையால மெதுவாச் சுத்து. கயிறு வால்வை அடில இருந்து தாங்கிக்கும். ஸ்பிரிங்கை அமுக்கிக் கழட்டு, சீலை மாத்து, மாட்டு. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர் எரியற வரிசைல போ, ஒவ்வொண்ணுக்கும் கால் சுத்துதான்.

கார்த்தி, 8:54
1-8-4-3-6-5-7-2. சரிங்க பெரியப்பா.

சுமதி அத்தை, 8:55
கயிறை உள்ள விட்டு வண்டி ஓட்டறதா! நல்ல வைத்தியம் 😂

திங்கள்

கார்த்தி, காலை 9:15
[படம்]
பழைய சீல் பாருங்க. நகத்துல அமுக்கினா பிஸ்கட் மாதிரி நொறுங்குது. 16 வால்வும் முடிஞ்சுது. கைதான் ரெண்டு எடத்துல உரிஞ்சு போச்சு, பிளக்குக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல ஸ்பேனர் சுத்த எடமே இல்ல. நாளைக்குக் காலைல ஸ்டார்ட் பண்ணாத்தான் தெரியும்.

மலர் (ஹூஸ்டன்), 9:18
பெரிய மாமா, என்ற துணிக்கொடில பாதியக் காணோம். இப்பத்தான் விஷயமே தெரியுது.

மகி, 9:19
அப்ப 383 அவ்ளோதானாணா?

பெரியப்பா, 9:26
அது கெடக்கட்டும். கயிறை வெளிய எடுத்தானான்னு கேளு மொதல்ல.