டியூப் வால்வு சாய்ந்து அடியோடு கிழிகிறது: ட்ரெயில் ஓட்டும்போது பின்சக்கர டயரில் எவ்வளவு காற்று?

கல்பாதை:
வணக்கம். 250 சிசி டூயல் ஸ்போர்ட் வண்டி. முன்னால் 21, பின்னால் 18 இன்ச் ஸ்போக் ரிம், ரெண்டுமே டியூப் டயர். வார இறுதியில் காட்டுப் பாதைக்குப் போகும்போது பின் டயரில் 14 பி.எஸ்.ஐ. வைக்கிறேன். பிடிமானம் அருமையா இருக்கு. ஆனால் நாலு ஏற்றம் ஏறியதுமே வால்வு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. போன டியூப் வால்வின் அடியிலேயே கிழிந்தது, புதுசும் இப்போ சாய ஆரம்பித்துவிட்டது. வால்வு நட்டை ரிம்மோடு ஒட்ட இறுக்கித்தான் வைத்திருக்கிறேன். ரிம் லாக் (டயர் ஓரத்தை ரிம்மோடு அழுத்திப் பிடிக்கும் போல்ட் வைத்த கவ்வி) கிடையாது. டியூப் தரமில்லையா? 20-க்கு ஏற்றினால் சரளையில் பின் சக்கரம் சும்மாவே சுற்றுகிறது.

சேற்றுத்தடம்:
டியூப் மேல பழி இல்லை ப்ரோ. ரிம்மும் டயரும் சேர்ந்து சுற்றவில்லை, அதுதான் விஷயம். டயர் ஓரத்தை ரிம்மோடு அழுத்திப் பிடிப்பது உள்ளே இருக்கும் காற்று மட்டுமே. 14-ல் அந்தப் பிடி போதாது. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது ரிம் முன்னால் ஓடும், டயர் பின்தங்கும். டியூப் டயரோடு ஒட்டிக்கொண்டு அதுவும் பின்தங்கும். வால்வோ ரிம் ஓட்டையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இழுப்பு முழுக்க வால்வின் அடியில் வந்து சேருகிறது.

எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். வால்வு நுனி சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் திசையில் சாய்ந்திருந்தால் எஞ்சின் இழுப்பால் வந்தது. எதிர்த் திசையில் என்றால் பின் பிரேக் வேலை. சந்தேகமே வேண்டாம் என்றால் டயர் ஓரத்திலும் ரிம்மிலும் சேர்ந்தாற்போல வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ஒரு நல்ல ஏற்றம் ஏறி இறங்கிப் பாருங்கள். கோடு ரெண்டாகப் பிரிந்து ஒன்று தள்ளிப் போயிருந்தால் டயர் நகர்ந்திருக்கிறது.

இப்போதைக்கு ஒன்று உடனே செய்யுங்கள்: வால்வு நட்டைத் தளர்த்தி மேலே கொண்டுபோய் மூடியை ஒட்டி வைத்துவிடுங்கள். ரிம்மோடு இறுக்கினால் வால்வு சாய இடமில்லாமல் நேராகக் கிழியும். நட்டு மேலே இருந்தால் முதலில் சாயும், உங்கள் கண்ணில் படும், கிழிவதற்குள் நிறுத்திக்கொள்ளலாம். ரிம் லாக் போடும்வரை பின்னால் 18-க்குக் கீழே இறக்காதீர்கள்.

ஸ்பேனர்12:
ரிம் லாக் தான் தீர்வு. போடும் விதத்தில் கவனம் வேண்டும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அளவு ரிம் அகலத்தைப் பொறுத்தது. ரிம்மிலேயே பொறித்திருக்கும். 18 இன்ச்சில் பெரும்பாலும் 2.15, 21-ல் 1.60. பொறித்த எண்ணைப் பார்த்து அதே எண் உள்ள ரிம் லாக் வாங்குங்கள்.

ஓட்டை இல்லாத ரிம் என்றால் ட்ரில் போட வேண்டும். வால்வுக்கு நேர் எதிரே போடலாம் என்று தோன்றும், ஆனால் பல ரிம்களில் பற்றவைத்த இணைப்பு அங்கேதான் இருக்கும். அதிலிருந்து ரெண்டு மூணு ஸ்போக் தள்ளி, ரெண்டு ஸ்போக்குக்கு நடுவில், ரிம்மின் சரியான மையக்கோட்டில் சென்டர் பஞ்ச் (ட்ரில் வழுக்காமல் இருக்கச் சிறு குழி போடும் உளி) அடியுங்கள். முதலில் 3 மி.மீ., பிறகு படிப்படியாக 8.5 மி.மீ. (போல்ட் 8 மி.மீ. என்ற கணக்கில்). உள்ளேயும் வெளியேயும் பிசிறை வட்ட அரத்தால் நன்றாக எடுங்கள். விட்ட பிசிறு டியூபைத் தின்றுவிடும். டயர் கழற்றியிருக்கும்போதே ரிம் டேப்பையும் (ஸ்போக் முனைகளை மூடும் பட்டை) பாருங்கள், நைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

மாட்டும்போது பலரும் தடுமாறுவது இங்கேதான். டயர் ஓரம் ரிம்முக்கும் ரிம் லாக்குக்கும் நடுவில் போய் உட்கார வேண்டும். அதனால் அந்த இடம் வரும்போது போல்ட்டை வெளியிலிருந்து உள்ளே தள்ளிப் பிடித்தால் ரிம் லாக் எழும்பும், ஓரம் அடியில் நுழையும். டியூப் ரிம் லாக்குக்கு மேலே படுத்திருக்க வேண்டும், அடியில் சிக்கக் கூடாது. டியூபில் வடிவம் வரும் அளவுக்கு மட்டும் லேசாகக் காற்று. கடைசி ஓரத்தை வால்வு பக்கம் முடியுங்கள். எதிர்ப்பக்க ஓரத்தை முழங்காலால் ரிம் நடுப் பள்ளத்துக்குள் அழுத்திப் பிடித்தால் லிவருக்கு வேலையே குறைவு. லிவரை வலுவாக நெம்ப வேண்டியிருக்கிறது என்றால் அந்த ஓரம் பள்ளத்தில் இல்லை என்று அர்த்தம்.

ரிம் லாக் நட்டு தளர்வாக இருக்கும்போதே காற்று ஏற்றி ஓரத்தை உட்கார வையுங்கள். டயரில் அச்சிட்ட அதிகபட்சத்தைத் தாண்ட வேண்டாம். டயரில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிந்தால் சரியாக உட்கார்ந்துவிட்டது. அதன்பிறகே நட்டு, சுமார் 12 நியூட்டன் மீட்டர். முதல் ஓட்டம் முடிந்ததும் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

மணல்மேடு:
மேலே சொன்னதோடு ஒன்று: டயர் மாட்ட ஆயில், கிரீஸ், செயின் ஸ்ப்ரே எதையும் தொடாதீர்கள். ஓரம் காயாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். சோப்புத் தண்ணீர் போதும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். மாட்டிய கையோடு ஏற்றத்துக்குப் போகாமல் ஒரு ராத்திரி விட்டுவிடுவது நல்லது.

ரிம் லாக் வந்த பிறகு பின்னால் சேற்றுக்கும் மண்ணுக்கும் 12, கலப்புப் பாதைக்கு 13-14, கூர்ங்கல் நிறைந்த இடத்துக்கு 15-16. எடை கூடுதலான ஆள் என்றால் 1-2 கூட்டிக்கொள்ளுங்கள். எல்லாமே டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்த அளவு. 100 வரை காட்டும் கேஜ் இந்த வேலைக்கு உதவாது, 30 வரை காட்டும் கேஜ் வாங்குங்கள். ரிம் லாக் போட்டதால் கல்லில் டியூப் நசுங்குவது நிற்காது. பக்கத்தில் பக்கத்தில் ரெண்டு ஓட்டை இருந்தால் அது நசுங்கிய பஞ்சர், காற்று குறைவு. டியூபின் உள்வட்டத்தில் ஒற்றை ஓட்டை என்றால் ஸ்போக் முனையைச் சந்தேகப்படுங்கள்.

கல்பாதை:
கோடு போட்டுப் பார்த்தேன், நுனி முன் திசையிலேயே சாய்கிறது. டயரும் விரற்கடை அளவு நகர்ந்திருக்கு. ரெண்டு கேள்வி. பாதை நடுவில் சாய்ந்தால் எப்படி நேராக்குவது? முன்னாலும் ரிம் லாக் வேண்டுமா?

சேற்றுத்தடம்:
காற்றை முழுக்க இறக்கி, ரெண்டு பக்க ஓரத்தையும் மிதித்து ரிம்மிலிருந்து விடுவியுங்கள். பின் சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஒருவர் பின் பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் டயரை இரு கையாலும் பிடித்து முன்னோக்கித் திருப்ப வேண்டும். வால்வு நேரானதும் 20-க்கு ஏற்றி, ஆக்ஸிலரேட்டரை பலமாக முறுக்காமல் வாருங்கள். அடியில் கீறல் தெரிந்தால் நம்பாதீர்கள். வால்வு அடிக்கு ஒட்டு நிற்காது, டியூபை மாற்றத்தான் வேண்டும். கையில் ஒரே ஒரு டியூப் கொண்டுபோவதாக இருந்தால் 21 இன்ச் எடுங்கள், அவசரத்துக்குப் பின்னாலும் மடித்து மாட்டி வீடு வந்துவிடலாம்.

முன்னால் இழுப்பு இல்லை, பிரேக் மட்டும்தான். 15-16 வைப்பவருக்கு அவசியமில்லை. 13-க்குக் கீழே இறக்குவதாக இருந்தால் போடுங்கள்.

ஸ்பேனர்12:
தார் ரோட்டில் ஏறுமுன் கையேட்டு அளவுக்குக் காற்றை ஏற்றிவிடுங்கள். குறைந்த காற்றில் வேகமாகப் போனால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். ரிம் லாக் எடையால் வேகத்தில் பின்பக்கம் துள்ளுவது போல் இருந்தால், அதற்கு எதிர்ப்பக்க ஸ்போக்குகளில் ஈய எடை கட்டி, சக்கரத்தைச் சும்மா சுற்றிவிட்டு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நிற்பது போகும்வரை சரிபாருங்கள். இதற்கு முன் செயினைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் இறுக்கமே சக்கரத்தை நிறுத்திவிடும்.