மேலத்தெரு வீட்டுக் குழு

மெய்யப்பன்: சிவப்பி கன்று போட்டுவிட்டது. கிடேரி. வைக்கோல் பத்து நாளைக்குக்கூட வராது. கிணற்றடிப் பொது நிலத்தில் தீவனப்புல் போடட்டுமா? எல்லாரும் சொல்லுங்கள்.

வள்ளி ஆச்சி: போடு தம்பி.

உமையாள்: சீம்பால் எங்கே?

ராமு: கோ 5 போடுங்கள் அண்ணே.

நாச்சியப்பன் சித்தப்பா: பொறு. கோ 5 கம்பையும் நேப்பியரையும் சேர்த்த ஒட்டுப்புல், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டது. விதை பிடிக்காது, கரணைதான், அதாவது தண்டுத் துண்டுதான் நட வேண்டும். பாருக்குப் பார், அதாவது வரப்புக்கு வரப்பு 60 செ.மீ., கரணைக்குக் கரணை 50 செ.மீ. ஏக்கருக்கு 13,000-க்கு மேல் வேண்டும். முதல் அறுப்பு 75-80 நாளில், அப்புறம் 45 நாளுக்கு ஒருமுறை. ஆனால் பத்து நாளுக்கு ஒரு தண்ணீர் கேட்கும். நம் செம்பாறை மண்ணில், சித்திரையில் அந்தக் கிணறு என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ராமு: கிணற்றில் எங்களுக்கும் மூன்றில் ஒரு பங்கு உண்டு.

வள்ளி ஆச்சி: ராமு, மறுபடியும் ஆரம்பிக்காதே.

நாச்சியப்பன் சித்தப்பா: அதனால்தான் சொல்கிறேன். கிணற்றை ஒட்டிக் கொஞ்சம் கோ 5, மீதிக்கு மானாவாரியாகக் கொழுக்கட்டைப் புல். வறட்சியைத் தாங்கும், ஒருமுறை போட்டால் சில வருடம் நிற்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் விதைத்துவிட வேண்டும். புது விதை சரியாக முளைக்காது, சில மாதம் வைத்திருந்த விதையாகக் கேட்டு வாங்கு. ஓரத்தில் வேலி மசாலும் போடு, அது பயறு வகைத் தீவனம். ஒட்டுப்புல்லை மட்டும் கொடுத்தால் அதிலிருக்கும் ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. கறவை மாட்டுக்கு அது ஆகாது. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு மசால்.

உமையாள்: சுண்ணாம்பு என்றதும் ஞாபகம் வருகிறது. முகப்புச் சுவர்ப் பூச்சு உதிர்கிறதே, யார் பார்க்கிறீர்கள்?

சொக்கு: கொத்தனாரிடம் கேட்டேன். பழைய சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்கிறார்.

வள்ளி ஆச்சி: சிமெண்ட் மட்டும் வைக்கக் கூடாது. அப்பச்சி இருந்திருந்தால் விடமாட்டார்கள்.

உமையாள்: முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குள் முடியுமா?

சொக்கு: தேதியே முடிவாகவில்லையே.

மெய்யப்பன்: புல் பேச்சுக்கு வாருங்கள். நாளை செட்டிநாட்டுக் கால்நடைப் பண்ணையில் கரணை கிடைக்குமா என்று கேட்கிறேன். குன்றக்குடி வேளாண் அறிவியல் மையத்திலும் விசாரிக்கிறேன்.

ராமு: சரி. மோட்டார் முறை?

மெய்யப்பன்: உன் முறை நாளில் நான் தொடமாட்டேன்.

ராமு: கரண்ட் பில்?

வள்ளி ஆச்சி: ஊருக்கு வா, பேசிக்கொள்ளலாம்.

நாச்சியப்பன் சித்தப்பா: மெய்யப்பா, இரண்டு கணு உள்ள கரணையாகப் பார்த்து எடு. முற்றின தண்டாக இருக்கட்டும்.