கென்யா, உகாண்டா, ருவாண்டா, தான்சானியா ஒரே சுற்றில்: விசாவும் வழியும் குழப்புகிறது, உதவுங்கள்

தாம்பரத்தான்:
எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் கடைசியில் நான், மனைவி, அப்பா (வயது 64) மூவரும் கிழக்கு ஆப்பிரிக்கா போகலாம் என்று இருக்கிறோம். நைரோபியில் இறங்கி மசாய் மாரா, அங்கிருந்து நேராக செரங்கெட்டி, அப்புறம் சான்சிபார் தீவு, திரும்ப நைரோபி வந்து உகாண்டாவில் கொரில்லா, ருவாண்டா, மறுபடி நைரோபி வந்து ஊருக்கு விமானம். 100 டாலர் கட்டி கிழக்கு ஆப்பிரிக்க சுற்றுலா விசா எடுத்தால் நாலு நாட்டுக்கும் போதும் என்று ஒரு டிராவல்ஸில் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் தான்சானியா அதில் வராது என்கிறார்கள். யார் சொல்வது சரி? அதோடு, மாராவும் செரங்கெட்டியும் வரைபடத்தில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன, ஆனாலும் ஒருத்தரும் நேராகக் கூட்டிப்போக ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள், ஏன்? டிக்கெட் இன்னும் போடவில்லை. அப்பா சுத்த சைவம்.

நைரோபிவாசி:
டிக்கெட் போடாததே நல்லது. அந்த விசா கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கு மட்டும்தான், 90 நாள். தான்சானியா அதில் இல்லை, தனி விசா எடுக்க வேண்டும், சாதாரண சுற்றுலா விசா 50 டாலர். இதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் வரிசையில் இருக்கிறது. அந்த மூன்று நாட்டுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம், ஆனால் நடுவில் தான்சானியாவுக்குள் கால் வைத்தால் விசா அதோடு முடிந்தது, திரும்பி வரும்போது புதிதாக எடுக்க வேண்டும். தான்சானியாவை முதலில் வையுங்கள் அல்லது கடைசியில் வையுங்கள், நடுவில் மட்டும் வேண்டாம்.

மாரா - செரங்கெட்டி விஷயம் பழைய கதை. மாரா கென்யாவின் வனவிலங்குக் காடு, செரங்கெட்டி எல்லைக்கு அந்தப் பக்கம் தான்சானியாவில். 1977-ல் கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் சேர்ந்திருந்த கிழக்கு ஆப்பிரிக்க சமூகம் என்ற கூட்டமைப்பு உடைந்தபோது தான்சானியா எல்லையை மூடியது. மற்ற எல்லைகள் சில வருடத்தில் திறந்துவிட்டன, ஆனால் காட்டுக்குள் மணல் ஆறு பக்கம் இருந்த அந்த வழி சுற்றுலாப் பயணிகளுக்கு இன்றுவரை திறக்கவில்லை. வருடாவருடம் மந்தையாக இடம்பெயரும் காட்டுமாடுகள் (வில்டபீஸ்ட்) மட்டும் விசா இல்லாமல் தாண்டும். நீங்கள் மாராவிலிருந்து மேற்கே இசெபானியா எல்லைக்கு வந்து, கென்ய வண்டியை விட்டு இறங்கி, நடந்து முத்திரை வாங்கி, அந்தப் பக்கம் தான்சானிய வண்டியில் ஏற வேண்டும். ஒரு நாள் முழுக்கப் போய்விடும், அப்பாவுக்கு இது தேவையா என்று யோசியுங்கள்.

பேக்பேக் மாமா:
நைரோபிவாசி சொன்னது சரி, ஆனால் இந்திய பாஸ்போர்ட்டுக்கு அந்த 100 டாலர் விசாவே லாபமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கென்யாவில் 2024 ஜனவரியிலிருந்து விசா கிடையாது, அதற்குப் பதில் இணையத்தில் முன் அனுமதி, சுமார் 30 டாலர். உகாண்டா இ-விசா 50 டாலர். ருவாண்டா காமன்வெல்த் நாட்டவருக்கு முதல் 30 நாள் கட்டணம் வாங்குவதில்லை, இந்தியா காமன்வெல்த்தில் இருக்கிறது. ஆக எல்லா நாட்டுக்கும் ஒரே முறை போவதாக இருந்தால் தனித்தனியாக எடுப்பதே மலிவு. நைரோபிக்குத் திரும்பித் திரும்பி வருகிறவருக்குத்தான் கூட்டு விசா. பணம் கட்டும் அன்று அந்தந்த அரசுத் தளத்தில் கட்டணத்தை ஒருமுறை பாருங்கள், அரசுத் தளம் மாதிரியே வேஷம் போட்டு இரட்டிப்பாகக் கறக்கும் தளங்கள் நிறைய உண்டு.

என் யோசனை: நைரோபி, மாரா, அங்கிருந்து விமானத்தில் ருவாண்டாவின் தலைநகர் கிகாலி, கிகாலியிலிருந்து சாலை வழியாக உகாண்டா போய் கொரில்லா பார்த்துவிட்டுத் திரும்ப கிகாலி, அப்புறம் விமானத்தில் தான்சானியா, சான்சிபாரிலிருந்தோ தார் எஸ் சலாமிலிருந்தோ ஊர். (இதில் ருவாண்டாவுக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள், முதல் முறை தரும் அனுமதியிலேயே திரும்பி வரலாமா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.) நைரோபியில் இறங்கி வேறு ஊரிலிருந்து திரும்பும் டிக்கெட்டாகப் போடுங்கள். ஆகஸ்ட் கடைசியில் காட்டுமாட்டு மந்தை மாராவிலும் செரங்கெட்டியின் வடக்குக் கோடியிலும்தான் இருக்கும், அதனால் மாரா பார்த்தவருக்கு செரங்கெட்டி அவசியமில்லை என்பேன். அந்தப் பணத்தில் தான்சானியாவிலேயே இருக்கும் ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்துக்குள் இறங்கி விலங்குகளைப் பாருங்கள்.

தாம்பரத்தான்:
இருவருக்கும் நன்றி. கொரில்லாவுக்கு ஏன் ருவாண்டாவில் இறங்கி உகாண்டா போக வேண்டும்? ருவாண்டாவிலேயே கொரில்லா இருக்கிறதே? அப்பாவால் ஏற முடியுமா?

காட்டுப்பூச்சி:
கொரில்லா பார்க்க அனுமதிச் சீட்டு ருவாண்டாவில் ஒரு ஆளுக்கு 1500 டாலர், உகாண்டாவில் 800. மூன்று பேருக்கு வித்தியாசத்தைப் போட்டுப் பாருங்கள். உகாண்டாவில் கொரில்லா இருக்கும் ப்விண்டி காட்டின் தெற்குப் பகுதி, அந்த நாட்டு விமான நிலையம் இருக்கும் என்டெபேயைவிட கிகாலிக்குத்தான் பக்கம். என்டெபேயிலிருந்து போனால் பகல் முழுக்க வண்டியில்தான்.

ஒன்றை மறக்காதீர்கள். ப்விண்டியில் புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ங்குரிங்கோ என்று நாலு பகுதி. சீட்டு எந்தப் பகுதிக்கு வாங்கினார்களோ காலையில் அங்கேதான் ஆஜராக வேண்டும். சீட்டு ருஷாகாவுக்கும் அறை புஹோமாவிலும் போட்டுக் கொடுக்கும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். இரண்டும் காட்டின் எதிரெதிர் மூலை, விடியுமுன் மலைச்சாலையில் மணிக்கணக்காக ஓட வேண்டிவரும். கிகாலியிலிருந்து வருவதால் ருஷாகா அல்லது ங்குரிங்கோ கேளுங்கள், அறையும் அதே பக்கம்.

அப்பா விஷயம்: 15 வயதுக்குக் கீழேதான் தடை, மேலே வரம்பில்லை. சேறும் சரிவும் அதிகம். முடியாதவரை நாற்காலி மாதிரி ஒன்றில் உட்காரவைத்துத் தூக்கிப்போக ஊர் இளைஞர்கள் வருவார்கள், அதற்கு அங்கே ‘ஹெலிகாப்டர்’ என்று பெயர். முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும், காசு தனி. சளி, காய்ச்சல் இருந்தால் யாராக இருந்தாலும் விடமாட்டார்கள், கொரில்லாவுக்குத் தொற்றிவிடும்.

நைரோபிவாசி:
ஊசியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று உகாண்டாவுக்குக் கட்டாயம், கென்யா, உகாண்டா பக்கமிருந்து தான்சானியா போனாலும் கேட்பார்கள். எல்லாவற்றையும்விட, திரும்பி வரும்போது நம் ஊர் விமான நிலையத்தில் சான்று இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், முன்பதிவு பற்றிக் கேட்டுக்கொண்டு பாஸ்போர்ட்டோடு போங்கள். 60 தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் பக்கவிளைவு அபாயம் கொஞ்சம் கூடுதல், அதனால் அப்பாவுடைய மருத்துவரிடம் முதலில் பேசுங்கள். அவர் வேண்டாம் என்றால் மொத்தத் திட்டமும் மாறும். மலேரியா மாத்திரையும் அப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

தாம்பரத்தான்:
இது தெரியாமல் எல்லாவற்றுக்கும் முன்பணம் கட்டப் பார்த்தேன்! சாப்பாடு? டாலர் எவ்வளவு கையில் வேண்டும்? அம்மா புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கட்டித் தருவதாகச் சொல்கிறாள்.

பேக்பேக் மாமா:
தரட்டும், பாலிதீன் பையில் மட்டும் வேண்டாம். ருவாண்டா 2008-லிருந்து, கென்யா 2017-லிருந்து, தான்சானியா 2019-லிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை, விமான நிலையத்திலேயே பிடுங்குவார்கள். டப்பாவில் அடைக்கச் சொல்லுங்கள். நைரோபியிலும் தான்சானியாவின் அருஷா நகரிலும் குஜராத்தி சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும். வழியில் சப்பாத்தி, பீன்ஸ் குழம்பு, கீரை எங்கும் உண்டு, இறைச்சிக் குழம்பு ஊற்ற வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டாலர் நோட்டு 2009-க்குப் பிந்தையதாக, கிழிசல், பேனா கிறுக்கல் இல்லாததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் திருப்பித் தந்துவிடுவார்கள்.

காட்டுப்பூச்சி:
சான்சிபாருக்கு இன்னொன்று: 2024 அக்டோபரிலிருந்து அங்கே ஒரு கட்டாயக் காப்பீடு, ஒருவருக்கு 44 டாலர். ஊரில் எடுத்த காப்பீடு இருந்தாலும் இது தனி, இணையத்தில் முன்னாலேயே கட்டிவிடலாம்.

தாம்பரத்தான்:
சரி, முதலில் அப்பாவின் மருத்துவர், அப்புறம் ப்விண்டி சீட்டு, அதன் தேதி கையில் வந்த பிறகு விமான டிக்கெட். செரங்கெட்டியை விட்டுவிட்டோம். மனைவிக்குத்தான் கோபம்.