புதுக்கோட்டையில் கோடை பண்பலை 100.5 தெளிவாகக் கேட்க எந்த ஆன்டெனா?

புதுகை நேயர்

வணக்கம். வீடு புதுக்கோட்டை டவுனில். தரைத்தளத்தில் ஹால், மேலே ஒரு மாடி, அதற்கும் மேலே மொட்டை மாடி. ஏவி ரிசீவரோடு வந்த டி வடிவ ரிப்பன் ஒயரை ஹால் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

திருச்சி நிலையங்கள் ரெயின்போ 102.1, சூரியன் 93.5, ஹலோ 106.4 மூன்றும் ஸ்டீரியோவில் சுத்தமாக வருகின்றன. கோடைக்கானலிலிருந்து வரும் கோடை பண்பலை 100.5 பகலில் இரைச்சலோடுதான் வருகிறது, அதுவும் மோனோவில். ராத்திரி எட்டு மணிக்கு மேலும் விடியற்காலையிலும் பக்கத்தில் காரைக்கால் 100.3 ஏறிவந்து கோடையை அமுக்கிவிடுகிறது.

யோசித்து வைத்திருப்பவை: வட்ட வடிவ எஃப்எம் ஆன்டெனா, மூன்று குச்சி யாகி (ஒரு திசையை நோக்கிக் கேட்கும் ஆன்டெனா), டிவி பூஸ்டர். மாடியில் பழைய தூர்தர்ஷன் ஆன்டெனா ஒன்றும் சும்மா நிற்கிறது. மாடியிலிருந்து ஹாலுக்குக் கேபிள் 20 மீட்டர் வரும். எதைப் போடலாம்? கோடையைப் பிடிக்கப் போய் திருச்சியை இழக்கக் கூடாது.

மொட்டைமாடி அலை

முதலில் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலிருந்து கோடைக்கானல் சுமார் 147 கி.மீ., நேர் மேற்கிலிருந்து ஆறேழு டிகிரி தெற்கே தள்ளி. காரைக்கால் சுமார் 126 கி.மீ., வடகிழக்கைத் தாண்டிக் கிழக்குப் பக்கமாக. இரண்டுக்கும் இடையே கோணம் கிட்டத்தட்ட 158 டிகிரி. ஒன்று முகத்துக்கு நேரே என்றால் இன்னொன்று முதுகுக்குப் பின்னால். இது உங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். திருச்சியோ 48 கி.மீ.தான், வடக்கே, அதாவது ஓரப்பக்கம்.

கோடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல் உயரம். அந்த உயரத்துக்கு ரேடியோ அடிவானம் (அலை நேராகப் போய் எட்டும் எல்லை) கிட்டத்தட்ட 200 கி.மீ. வரை எட்டும், ஆகவே கணக்குப்படி நீங்கள் எல்லைக்குள்தான். ஆனால் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலைத் தொடர் இந்தக் கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. அதனால்தான் உயரம் முக்கியம். தரைத்தள ஹாலில் இரண்டு கான்கிரீட் தளங்களுக்குக் கீழே, கம்பி வலைக்குள் இருந்துகொண்டு எந்த ஆன்டெனாவை மாற்றினாலும் பயன் குறைவு.

காரைக்கால் கதை வேறு. அது உங்களுக்கு அடிவானத்துக்குக் கீழே. பகலில் வராமல் ராத்திரியிலும் விடியலிலும் வருவதற்குக் காரணம், கடலோரத்தில் குளிர்ந்த ஈரக் காற்றின் மேல் வெப்பக் காற்று படிந்து அலையை வளைத்துக் கொண்டுவருவது. இலங்கை நிலையங்கள் சில நாள் கேட்பதும் இதே வழியில்தான். அதைத் தடுக்க முடியாது, முதுகு காட்டலாம்.

இனி ஒவ்வொன்றாக.

ரிப்பன் ஒயரைக் கூரைக்குக் கொண்டுபோனாலே நல்ல முன்னேற்றம் தெரியும். ஆனால் அது டைபோல், அதாவது நடுவில் கேபிள் சேரும் இரண்டு கை ஆன்டெனா. அது எட்டு வடிவத்தில் கேட்கும், முன்னும் பின்னும் அதற்கு ஒன்றுதான். கோடைக்குத் திருப்பினால் காரைக்காலையும் அதே அளவுக்குப் பிடிக்கும்.

வட்ட ஆன்டெனா உங்களுக்கு வேண்டாம். எல்லாத் திசையும் கேட்கும் என்பதை நல்ல குணமாகச் சொல்லி விற்கிறார்கள், உங்கள் இடத்தில் அதுதான் கெட்ட குணம். நேர்த்திசையில் டைபோலைவிடச் சுமார் 3 டெசிபல் (அலையின் பலத்தை ஒப்பிடும் அளவு) குறைவாகவும் இழுக்கும். நான்கு பக்கமும் பலமான நிலையங்கள் உள்ள நகரத்துக்கு அது சரி.

மூன்று குச்சி யாகி: டைபோலைவிட 5 டெசிபல் அளவுக்குக் கூடுதல் பலம், பின்பக்கத்தில் 15 டெசிபல் அளவுக்குக் குறைவு. இரண்டாவது எண்ணுக்காகத்தான் இதை வாங்கச் சொல்கிறேன். ஐந்து குச்சி போட்டால் இன்னும் 2 டெசிபல் கிடைக்கும், ஆனால் நடுக்குழாய் இரண்டு மீட்டரைத் தாண்டும், காற்றில் கம்பத்தை முறுக்கும். மூன்றே போதும்.

தூர்தர்ஷன் ஆன்டெனாவின் குச்சிகளை அளந்து பாருங்கள். 65 முதல் 85 செ.மீ. என்றால் அது 174 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள சேனல்களுக்கானது, எஃப்எம்முக்கு நேரடியாக உதவாது. இரண்டு மீட்டருக்கு மேல் என்றால் கீழ்ச் சேனல்களுக்கானது, குச்சிகளை வெட்டி எஃப்எம் அளவுக்குக் கொண்டுவரலாம். எப்படியானாலும் கம்பமும் கிளாம்பும் மிச்சம்.

செலவு செய்யும் முன் ஒரு சோதனை. கையடக்க ரேடியோவோடு மாடிக்குப் போய், குச்சியைச் சுமார் 75 செ.மீ. நீட்டி 100.5-ஐ வையுங்கள். குச்சியை நிமிர்த்தியும் வடக்கு-தெற்காகப் படுக்க வைத்தும் கேளுங்கள். எந்த நிலையில் இரைச்சல் குறைகிறதோ அந்த நிலையில்தான் யாகியின் குச்சிகளும் இருக்க வேண்டும்.

ஈயப்பற்று

சார், கடையில் வாங்குவதைவிட நீங்களே செய்துகொள்ளலாம். 100.5-க்கு அளவு தருகிறேன்.

அரை அங்குல அலுமினியக் குழாய் 12 அடி நீளத்தில் இரண்டு போதும். பின்குச்சி 1.48 மீட்டர். முன்குச்சி 1.33 மீட்டர். நடுவில் மடக்கிய டைபோல், முனைக்கு முனை 1.40 மீட்டர், மேல் கீழ் இடைவெளி 7 செ.மீ. மடக்குவதற்கு 3 மீட்டர் குழாய் எடுத்து, உள்ளே காய்ந்த மணல் நிரப்பி இரண்டு வாயையும் அடைத்துவிட்டு வளையுங்கள். மணல் இல்லாமல் வளைத்தால் குழாய் நசுங்கி அதே இடத்தில் ஒடியும். கீழ்ப்பக்க நடுவில் 3 செ.மீ. வெட்டி இடைவெளி விடவும், அங்கேதான் கேபிள் சேரும்.

நடுக்குழாய் ஓர் அங்குலச் சதுர அலுமினியம், 1.25 மீட்டர். பின்குச்சிக்கும் டைபோலுக்கும் 60 செ.மீ., டைபோலுக்கும் முன்குச்சிக்கும் 50 செ.மீ. முன்குச்சி, பின்குச்சி இரண்டின் நடுவும் நடுக்குழாயைத் தொடலாம். டைபோலின் மேல்பக்க நடுவும் தொடலாம், அங்கே மின்னழுத்தம் இல்லை. வெட்டிய கீழ்ப்பக்கம் மட்டும் எதிலும் படக் கூடாது. அதைப் பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைத்து, பாக்ஸின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை போடுங்கள். முழுக்க மூடினால் உள்ளே வியர்த்து துரு பிடிக்கும்.

கேபிள் ஆர்ஜி-6 வாங்கவும். 20 மீட்டருக்கு 100 மெகாஹெர்ட்ஸில் இழப்பு 1.3 டெசிபல்தான். டைபோலுக்கும் கேபிளுக்கும் நடுவே 300-க்கு 75 ஓம் பாலன் (இரண்டையும் பொருத்தும் சிறு இணைப்பு) வேண்டும். டிவி ஆன்டெனாவில் வரும் சின்ன பாலனே போதும். கேபிளிலேயே செய்வதென்றால் அரை அலை நீளம் 1.49 மீட்டர், ஃபோம் கேபிளின் வேகக் காரணி (வெளியோடு ஒப்பிட அலை கேபிளுக்குள் போகும் வேகம்) 0.83 என்று வைத்துப் பெருக்கினால் 1.24 மீட்டர் துண்டு. அதன் இரண்டு நடுக்கம்பிகளும் டைபோலின் இரண்டு முனைகளுக்கு, கீழிறங்கும் கேபிளின் நடுக்கம்பி அதில் ஏதாவது ஒரு முனைக்கு. மூன்று கேபிள் முனைகளின் வெளி வலைகளையும் ஒன்றாகச் சேர்க்கவும், டைபோலோடு சேர்க்க வேண்டாம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: ஆர்ஜி-6-இன் வலை பெரும்பாலும் அலுமினியம், ஈயம் ஒட்டாது. ஒட்டியது போலத் தெரியும், ஒரு மழையில் விட்டுவிடும். கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், இல்லையென்றால் கடை பாலனே மேல்.

அலுமினியத்தின் மேல் செம்பை நேராக வைத்துத் திருகாதீர்கள். ஈரம் பட்டால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். நடுவில் ஸ்டெயின்லெஸ் வாஷர், திருகாணியும் ஸ்டெயின்லெஸ். எஃப் கனெக்டரின் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றி, கேபிளை ஒரு வளையம் தொங்கவிட்டு இறக்குங்கள். மழைத் தண்ணீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும்.

கம்பம் மின்கம்பியிலிருந்து எவ்வளவு தூரம் இருக்க வேண்டும்? அது முழுசாகச் சாய்ந்து விழுந்தாலும் தொடாத தூரம். இதில் சமரசம் கிடையாது. கம்பத்தை எர்த் செய்யுங்கள், இடி மழை வருமுன் கேபிளை ரிசீவரிலிருந்து கழற்றி வையுங்கள்.

ஏழாவது டெசிபல்

மேலே சொன்ன இரண்டும் சரி. பூஸ்டரைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

பூஸ்டர் வாங்காதீர்கள். பலவீனமான நிலையத்தோடு இரைச்சலையும் திருச்சி நிலையங்களையும் சேர்த்தே அது பெருக்கும். 93.5-உம் 106.4-உம் ஏற்கெனவே பலமாக இருக்கும் இடத்தில் பூஸ்டர் நிரம்பி வழிந்து, இல்லாத இடங்களிலெல்லாம் அந்த நிலையங்களின் நிழல் கேட்கும். நீளக் கேபிளின் இழப்பை ஈடுகட்டத்தான் பூஸ்டர், அதையும் கம்பத்தில் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். உங்கள் 20 மீட்டருக்குத் தேவையே இல்லை.

இரண்டாவது, 100.3-க்கும் 100.5-க்கும் இடையே 200 கிலோஹெர்ட்ஸ்தான். ரிசீவரின் 10.7 மெகாஹெர்ட்ஸ் செராமிக் ஃபில்டர் (பக்கத்து நிலையத்தைப் பிரித்து விலக்கும் பாகம்) 280 கிலோஹெர்ட்ஸ் அகலம் என்றால், ஆன்டெனா எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பலமான பக்கத்து நிலையம் கசியும். டிஎஸ்பி சிப் (சிக்னலை எண்களாக்கிப் பிரிக்கும் சிப்) உள்ள சின்ன ரேடியோவை அதே ஆன்டெனாவில் மாட்டிப் பாருங்கள். அதில் பிரிந்து வந்து ரிசீவரில் பிரியாவிட்டால் குற்றம் ஃபில்டரில். பழைய டியூனராக இருந்தால் 150 அல்லது 180 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டரை ஈயம் எடுத்து மாற்றிவிடலாம். மிகக் குறுக்கினால் ஸ்டீரியோவில் உச்ச ஸ்தாயி கரகரக்கும், 150-க்குக் கீழே போகாதீர்கள்.

ஸ்டீரியோவுக்கு மோனோவைவிட 20 டெசிபல் அளவுக்குக் கூடுதல் தெளிவு வேண்டும். கோடை ஓரளவு வருகிற நாளில் மோனோ பொத்தானை அழுத்தினால் இரைச்சலில் பெரும்பகுதி போய்விடும்.

வீட்டுக்குள் எழும் இரைச்சலையும் கவனியுங்கள். எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், செட்டாப் பாக்ஸ் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் குற்றவாளி தெரியும். டிடிஎச் கேபிளில் சாதா ஸ்பிளிட்டர் போட்டு எஃப்எம்மையும் இறக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் கேபிளில் 13 அல்லது 18 வோல்ட் மேலே போகிறது, டியூனரின் முன்பகுதி போய்விடும்.

புதுகை நேயர்

எல்லோருக்கும் நன்றி. கையடக்க ரேடியோவில் சோதித்தேன்: மாடியில் 100.5 படுக்கை நிலையில் தெளிவு. யாகியே செய்கிறேன். இரண்டு சந்தேகம். எப்படித் திருப்பி நிறுத்துவது? திருச்சி ஓரப்பக்கம் என்றால் குறைந்துவிடாதா?

மொட்டைமாடி அலை

போன் திசைகாட்டியில் 263 டிகிரிக்கு முன்குச்சியை நோக்கி வையுங்கள். அதோடு விடாதீர்கள். மூன்று குச்சி யாகியின் முன்பார்வை 60 டிகிரி அகலம், முன்னால் பத்து டிகிரி தவறினாலும் கோடையில் வித்தியாசம் தெரியாது. பின்பக்கப் பள்ளம்தான் கூர்மையானது. ஆகவே காரைக்கால் நன்றாக வரும் ஒரு ராத்திரி, கீழே ஒருவர் ரிசீவரை 100.3-இல் வைத்துப் போனில் சொல்ல, மேலே கம்பத்தை ஐந்தைந்து டிகிரியாகத் திருப்புங்கள். காரைக்கால் மிகக் குறைகிற இடத்தில் நிறுத்தி, பிறகு 100.5-ஐக் கேளுங்கள். அங்கேயே இறுக்கிவிடலாம்.

திருச்சி யாகியின் ஓரப் பள்ளத்துக்குப் பக்கத்தில் விழும், உண்மைதான். ஆனால் தரைத்தள ரிப்பனிலேயே ஸ்டீரியோ வந்த நிலையம், மாடி உயரத்தில் அந்தப் பள்ளத்தையும் தாங்கும். தாங்காவிட்டால் ரிப்பன் ஒயரை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டில் ஒன்றை மட்டும் இணைக்கும் ஏ-பி ஸ்விட்ச் ஒன்று போடுங்கள். இரண்டையும் ஸ்பிளிட்டரில் சேர்த்துவிடாதீர்கள். ரிப்பன் வழியாகக் காரைக்கால் மறுபடி உள்ளே வந்துவிடும்.