கூம்பு மரத்தில் முரட்டுக் கிளை: இது என்ன மரம்?

கேள்வி:
முன்பு குடியிருந்தவர்கள் நட்டுவிட்டுப் போன மரம். இடுப்பளவு உயரம், கத்தரிக்காமலே கச்சிதமான கூம்பு. இந்த ஆண்டு ஒரு பக்கத்தில் மட்டும் முரட்டுக் கிளை ஒன்று கிளம்பி ஓர் அடி நீண்டுவிட்டது. ஊசியிலை மரங்களில் இது ஃபிர் வகையா, ஸ்புரூஸ் வகையா?

பதில் 1:
ஓர் ஊசியிலையை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். நான்கு பக்கங்களுடன் உருண்டால் ஸ்புரூஸ். ஃபிர் இலை தட்டை, உருளாது. இலை உதிர்ந்த குச்சியையும் தடவுங்கள். ஸ்புரூஸ் என்றால் சொரசொரக்கும்.

கேட்டவர்:
உருள்கிறது, குச்சி அரம்போல இருக்கிறது. உட்புற இலைகள் சில பழுப்பாகியிருக்கின்றன.

பதில் 2:
அப்படியானால் பெரும்பாலும் குள்ள ஆல்பர்ட்டா ஸ்புரூஸ்தான். கனடாவின் ஆல்பர்ட்டாவில் 1904-இல் கண்டெடுத்த, வெள்ளை ஸ்புரூஸின் குள்ள வகை. அந்த முரடன் தன் மூதாதையின் குணத்துக்குத் திரும்பிய கிளை. தயவு பார்க்காமல் அடியோடு வெட்டுங்கள். விட்டால் கூம்பையே மூடிவிடும். நுனியை மட்டும் கிள்ளுவது வீண்வேலை.

பழுப்புக்கு உடனே உரமூட்டையைத் தூக்காதீர்கள் (எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்!). கிளைக்கு அடியில் வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழும் புள்ளிகள் நகர்ந்தால், இலைச்சாற்றை உறிஞ்சும் சிற்றுயிரான சிலந்திப்பேன்தான் காரணம். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி உட்புறம்வரை கழுவுங்கள். நல்ல வெயிலும் காற்றோட்டமும் வேண்டும். வேரில் நீர் தேங்கக் கூடாது.