‘பர்மிய நாட்கள்’ படித்து முடித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

யாங்கோன் வாசகர்:

வெள்ளைக்காரன் ஆண்ட பர்மாவைப் பற்றி ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘பர்மிய நாட்கள்’ நாவலைப் பர்மிய மொழிபெயர்ப்பில் படித்து முடித்தேன். அவதூறு வழக்கு வருமோ என்று லண்டன் பதிப்பாளர் பயந்ததால் 1934இல் முதலில் அமெரிக்காவில்தான் வெளிவந்தது. என் பர்மிய நண்பர்கள் இதை வெள்ளைக்காரனைத் தோலுரித்த புத்தகம் என்கிறார்கள். எனக்கோ கதாநாயகன் ஃப்ளோரியையும் அவன் காதலிக்கும் எலிசபெத்தையும் விட, அவனுடைய இந்திய நண்பர் டாக்டர் வீராசாமிதான் மனசை விட்டுப் போகவில்லை.

வெள்ளைக்காரனான ஃப்ளோரி ஆட்சியைத் திட்டுகிறான். நம் பெயர் கொண்ட டாக்டர், ஆட்சியைத் தாங்கிப் பேசுகிறார். படிக்கையில் கோபம் வந்தது. அப்புறம் எங்கள் தாத்தா ஞாபகம் வந்தது. 1964இல் கடைகள் அரசுடைமையாகி, எங்கள் உறவுக்காரர்கள் பலர் இந்தியாவுக்குக் கப்பலேறியபோதும் அவர் இங்கேயே தங்கிவிட்டார். கடைசிவரை “வெள்ளைக்காரன் காலத்தில் இப்படியா இருந்தது?” என்றுதான் பேசினார். அதை அடிமைப் புத்தி என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. பிழைக்கப் போன இடத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும். வீராசாமி ஐரோப்பியர் கிளப்பில் சேரத் துடிப்பதும் அதனால்தான். வெள்ளைக்காரனுக்கு வேண்டியவர் என்றாகிவிட்டால் தன்னைக் கவிழ்க்கப் பார்க்கும் பர்மிய மாஜிஸ்திரேட் யூ போ சின்னின் சதி தன்னைத் தொடாது என்று நம்புகிறார்.

ஆனால் ஓர் இடத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. நல்ல ஆங்கிலம் பேசியதற்காக கிளப் பட்லரை, அங்கே உறுப்பினனான எலிஸ் என்ற இனவெறி பிடித்த வெள்ளைக்காரன் ஏசுகிறான். எலிஸ் அப்படிப்பட்டவன்தான். அந்தப் பட்லர் ஒரு திராவிடர், அவர் கண்கள் நாயின் கண்களைப் போல இருந்தன என்று எழுதுவது எலிஸ் இல்லையே, ஆர்வெல்! இதை யாரும் பேசி நான் கேட்டதில்லை.

மௌல்மீன் வாசகி:

அண்ணா, ஆர்வெலின் அம்மா வளர்ந்தது எங்கள் ஊரில்தான். அவர்கள் தேக்கு வியாபாரக் குடும்பம். அந்தப் பெருமையில்தான் புத்தகத்தை எடுத்தேன், ஃப்ளோரி வைத்திருந்த பர்மியப் பெண் மா ஹ்லா மே வந்ததும் மூடி வைத்துவிட்டேன். முந்நூறு ரூபாய் கொடுத்துப் பெற்றோரிடமிருந்து வாங்கிய பெண்ணை, எலிசபெத் வந்ததும் ஃப்ளோரி துரத்திவிடுகிறான். மறுபடி எடுத்து முடித்தபோது, அவள் சர்ச்சுக்குள் வந்து கத்துகிற இடத்தில் அழுதுவிட்டேன். அங்கே இருக்கிற எல்லாருக்கும் ஃப்ளோரியின் மானம் போவதுதான் பெரிதாகத் தெரிகிறது. ஆர்வெலுக்கும் அவள்மீது பெரிய இரக்கம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மாண்டலே வாசகர்:

பட்லர் விஷயத்தில் தம்பி சொல்வது சரி. தங்கச்சி சொன்னதையும் மறுக்க மாட்டேன். ஆனாலும் ஆர்வெலை முழுசாக விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஃப்ளோரி தன்னைச் சுட்டுக்கொண்டதும் ஓடி வருகிற வீராசாமி, துப்பாக்கி துடைக்கும்போது நடந்த விபத்து என்று சொல்லும்படி வேலைக்காரனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இனி அந்த நட்பால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. கிளப்பும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. கடைசியில் பதவியைக் குறைத்து எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடுகிறார்கள். இங்கே அவர் சேர்கிற மங்கிப்போன கிளப்பில் இருக்கிற ஒரே வெள்ளைக்காரன், குடியால் வேலை போன கிளாஸ்கோ எலக்ட்ரீஷியன். இவ்வளவு சுயநலக்காரர்கள் நிறைந்த கதையில், செத்துப்போன நண்பனின் பெயரைக் காப்பாற்றும் காரியத்தை ஆர்வெல் வீராசாமி கையில்தான் கொடுத்திருக்கிறார். தம்பி, அந்தப் பக்கங்களை மட்டும் இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.