கிலோவுக்கு 6 ரூபாய் குறைவா, உடனே பதிலா?

பனியன்காரன், திருப்பூர்:
எனக்குத் துணிக்குச் சாயம் போட்டுத் தருவது இரண்டு பட்டறைகள். ஒன்றில் கிலோவுக்கு 6 ரூபாய் குறைவு, ஆனால் லேப் டிப் (நிறம் சரிபார்க்கச் சாயம் போட்ட சிறு துணி மாதிரி) வர ஆறு நாள், போனும் எடுப்பதில்லை. இன்னொன்றில் இரண்டே நாள். இந்த வேகத்தை எப்படி ரூபாயில் மதிப்பிடுவது?

பழைய மெர்ச்சண்டைசர்:
நோட்டில் மூன்று தேதி எழுதுங்கள்: கேட்டது, உருப்படியான பதில் வந்தது, சாம்பிள் கைக்கு வந்தது. "பார்த்துச் சொல்றேங்க" பதில் ஆகாது! சராசரியை நம்பாதீர்கள், மோசமான தடவையைப் பாருங்கள். 800 கிலோ ஆர்டர் என்று வைத்துக்கொண்டால் உங்கள் மிச்சம் 4,800 ரூபாய். போன வருடம் சாயம் தாமதமாகி, கப்பலில் போக வேண்டிய சரக்கை நான் விமானத்தில் அனுப்பினேன். அந்தக் கூலியில் இது ஒரு மூலைக்குக் காணாது.

சாயத்தொட்டி:
பட்டறைக்காரனாக ஒன்று கேட்கிறேன். பணம் எத்தனை நாளில் தருகிறீர்கள்? 2006 சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் தர வேண்டும். இழுத்தடிப்பவர் போனை நாங்களும் மெதுவாகத்தான் எடுப்போம்.

பனியன்காரன்:
சரி, மாட்டிக்கொண்டேன். விலை குறைந்தவருக்கு 75 நாள். மற்றவருக்கு 30.